மாத்திரை பிந்திப் போச்சு அண்ணே

எனக்குப் போன் செய்கிற, புற்றுநோய் வந்த பிள்ளைகளின் தகப்பன்மார் யாரும் "மனசு சரியில்ல" என்று பேச்சைத் தொடங்கியதே கிடையாது. "அண்ணே, ராத்திரி மாத்திரை அரை மணிக்கூர் பிந்திப் போச்சு, ஒண்ணும் ஆவாதில்லியா?" என்பார்கள். "குழித்துறையில ரயில் ஏறினா திருவனந்தபுரத்தில இறங்கி மெடிக்கல் காலேஜுக்கு ஆட்டோ பிடிக்கணுமா, பஸ் இருக்கா?" என்பார்கள். ஒருத்தர் கேட்டது, ஆஸ்பத்திரிக்குள்ள துணி காயப்போட எங்க இடம் கிடைக்கும் என்று. என் மனைவிக்கு வருகிற போன்கள் வேறு மாதிரி. தாய்மார் அழுகையில் தொடங்கி மாத்திரையில் முடிப்பார்கள். எனக்கு வருவது மாத்திரையில் தொடங்கும். அதற்கு மேல் போகுமா என்பது, மாத்திரைக்கு நான் எப்படிப் பதில் சொல்கிறேன் என்பதைப் பொறுத்தது.

குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறேன். ஆள் வைத்துப் பால் வெட்டினால் மிச்சம் ஒன்றும் நிற்காது என்பதால் நானே வெட்டுகிறேன். மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏ.எல்.எல். என்பார்கள், பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான். இப்போது ஒன்பதாம் வகுப்பு, அம்மாவை விட உயரம். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, மொட்டைத்தலை போட்டோ மட்டும் போட்டிராதீங்க" என்றாள். போடவில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புற்றுநோய் வைத்தியம் புதிது இல்லை. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் 1922-இல் மலையை விட்டு இறங்கி வந்து, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, பிறகு பல வருடம் இங்கேயே வைத்தியம் பார்த்தவர். வாயில் புற்று வந்த எத்தனையோ பேருக்கு நெய்யூரில் வைத்தியம் நடந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு என்று வரும்போது எங்கள் ஆட்கள் பெரும்பாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான் போவார்கள். 1981-இல் தொடங்கிய ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. சிலர் வேலூர், சிலர் சென்னை அடையாறு. எங்கே போனாலும் இரண்டு, இரண்டரை வருடத்துக்கு வீடு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். முதல் ஒரு மாதம் அங்கேயே கிடக்க வேண்டும். பிறகு போய்வரலாம். கடைசி நீண்ட காலம் முழுக்க வீட்டில் இருந்தபடி மாத்திரை. மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மற்ற ஆறு நாளில் அது பிள்ளையின் வாய்க்குள் போய்விடக் கூடாது. சமையலறைக் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தோம்.

அந்த வீட்டுக் காலத்தில்தான் ஆள் தேவைப்படும். வார்டில் இருக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் இருப்பார், சிஸ்டர் இருப்பார், "உங்க பிள்ளைக்கு கவுண்ட் எவ்வளவு?" என்று ரத்த அணுக்களின் கணக்கைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் கவுண்ட் என்றால் என்ன என்று தெரியாத சொந்தக்காரர்கள்தான். என் மகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்த வாரங்களில் முகம் பந்து போல் வீங்கியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பிக் கிழங்கும் மீன்கறியும் கேட்பாள், தின்றுவிட்டுக் காரணமில்லாமல் அழுவாள். பார்க்க வந்தவர்கள் "பிள்ளை நல்லா தேறியாச்சே, கன்னமெல்லாம் வச்சிருக்கே" என்று சந்தோசப்பட்டுப் போனார்கள். ஒரு சித்தப்பா முள்ளு சீத்தாப் பழத்தை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். கீமோவை விட ஆயிரம் மடங்கு வலுவானது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். புற்றுநோய் பழத்தில் தீராது. ஆனால் அதை அவரிடம் சொல்லிப் புரியவைக்கிற தெம்பு அப்போது எனக்கு இல்லை. இன்னொரு வீட்டுக்காரர்கள் எந்த நேர்ச்சை பாக்கி என்று கேட்டார்கள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தை உட்காரவைத்துச் சாயா போட்டுக் கொடுத்து அனுப்புவதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டும்.

தூரத்தில் இருக்கிற ஆள் இங்கேதான் உதவுவார். எங்கள் ஊரில் வேலிக்கு அந்தப்பக்கம் சித்தப்பா, இந்தப்பக்கம் மைனி வீடு. ஒருத்தன் உடைந்து அழுதால் மறுநாள் காலை அத்தனை பேர் முகத்திலும் முழிக்க வேண்டும். அம்மா கஞ்சி குடிக்க மாட்டாள். பெண்டாட்டி அவனைப் பார்த்துப் பயப்படுவாள். போனில் பேசுகிறவனுக்கு அந்தச் சுமை இல்லை. எனக்கு என்ன ஆகுமோ என்று அவன் கவலைப்பட வேண்டாம். என் முகம்கூட அவனுக்குத் தெரியாது. எனக்குப் பேசுகிற தகப்பன்மாரில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். மாட்டுத்தொழுவத்தின் சத்தம் கேட்கும், பைக்கை ஓரம் கட்டி நிறுத்தினால் லாரிச் சத்தம் கேட்கும்.

இது நானாக ஆரம்பித்தது இல்லை. மகளின் சிகிச்சை முடிந்து கொஞ்ச காலம் கழித்து, பிள்ளைகளுக்கு உதவுகிற ஒரு தொண்டு அமைப்பில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, தமிழ் பேசுகிற தகப்பன் ஒருத்தர் வேண்டும், நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டார். எல்லையில் இருக்கிற எங்களுக்கு மலையாளம் தெரியும். டாக்டர் சொன்னால் விளங்கும், மருந்துக் கடையில் கேட்டு வாங்குவோம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுக்குள் கிடக்கிறதைக் கொட்டுவதற்கு அந்த மலையாளம் போதாது. ஜூம் வழியாகப் பயிற்சி கொடுத்தார்கள். புற்றுநோய் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே படித்த ஒரு கவுன்சிலர் நடத்தினார். "எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லாதே, உன் பிள்ளை பிழைத்த கதையைக் கேட்காமல் எடுத்து விடாதே, மருந்து விசயத்தில் வாய் வைக்காதே. எதிராளி பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. இந்தக் கடைசிதான் கஷ்டம். போனில் பத்து வினாடி சத்தம் இல்லை என்றாலே "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்துகிற சாதி நாம். பழக எனக்குப் பல மாதம் பிடித்தது.

அந்தப் பயிற்சியில் சொன்ன ஒரு விசயம் எனக்குப் பிடித்துப் போனது. அமெரிக்காவில் 'பிரைட் ஐடியாஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. புற்றுநோய் வந்த பிள்ளைகளின் தாய்மாருக்காக உண்டாக்கியது. கவலையைப் பற்றி நேராகப் பேசாமல், இப்போது உன் கையில் இருக்கிற ஒரு சிக்கலைச் சொல் என்பார்கள். அதற்கு என்னென்ன வழி, எது தோது என்று பார்த்து, ஒன்றைச் செய்து, பலன் இருந்ததா என்று திரும்பிப் பார்க்க வைப்பார்கள். எட்டு அமர்வு. அப்படிப் பழகிய தாய்மாருக்கு மனச்சோர்வு குறைந்ததாக ஆராய்ச்சி செய்து காட்டியிருக்கிறார்கள். தாய்மாருக்காகச் செய்தது எங்கள் ஊர்த் தகப்பன்மாருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆட்டோவா பஸ்ஸா என்று கேட்கிறவனுக்கு முதலில் ஆட்டோவைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும். கவுண்ட் குறைவாக இருக்கிற வாரம் கூட்டத்தில் பிள்ளையை ஏற்றாதீர்கள், யாருடைய காராவது கிடைக்குமா, டீசலுக்கு எவ்வளவு ஆகும், திரும்பும்போது பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, போனை வைக்கிற நேரத்தில், "இல்லண்ணே, இன்னொரு காரியம்..." என்று ஒரு இழுவை வரும். அந்த இழுவைக்காகத்தான் முந்தின இருபது நிமிசமும்.

மாத்திரை அரை மணிக்கூர் பிந்தியதற்கும் அப்படித்தான். "எங்களுக்கும் பிந்தியிருக்கு. ஒரு நாள் கூட விடாம கொடுக்கியதுதான் முக்கியம், அரை மணிக்கூர் இல்லன்னு எங்க சிஸ்டர் சொன்னாவ. நீங்களும் நாளைக்கு உங்க சிஸ்டர் கிட்ட ஒண்ணு கேட்டுக்கிடுங்க" என்பேன். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. மாத்திரை பிந்தியதற்குக் காரணம், கொடுக்கப் போகும்போது பிள்ளை "அப்பா, நான் செத்துப் போவேனா?" என்று கேட்டுவிட்டது. அதைச் சொல்ல அவனுக்கு மாத்திரையைச் சுற்றித்தான் வர முடிந்தது.

சதவீதம் கேட்கிறவர்கள் தனி ரகம். கூகுளில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், மற்ற நாடுகளில் அதைவிட மிகவும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கிறது. உலகம் முழுக்க 2030-க்குள் குறைந்தது 60 சதவீதமாவது ஆக்க வேண்டும் என்று 2018-இல் ஒரு திட்டமும் ஆரம்பித்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு ஒருத்தர், "அப்பம் எனக்க பிள்ளை எந்தக் கணக்கில வரும் அண்ணே?" என்று கேட்டார். நான் கணக்குச் சொல்வதில்லை. நோயின் வகை, பிள்ளையின் வயது, முதல் மாத மருந்துக்கு மஜ்ஜை எப்படிக் கேட்டது என்று டாக்டருக்குத் தெரிந்த பல விசயம் அதில் இருக்கிறது. அதற்குப் பதில், அடுத்த ஓ.பி.யில் டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதச் சொல்வேன். டாக்டர் முன்னால் எல்லாம் மறந்து போகும் என்பது எல்லாருக்கும் நடப்பதுதான். அவர் எழுதிக்கொண்டே வாசித்துக் காட்டியதில் முதல் கேள்வி சதவீதம். நாலாவது, "மூத்தவனிடம் என்ன சொல்ல?" என்று இருந்தது. சதவீதத்தை விட்டுவிட்டு அந்த மூத்தவனைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். அப்பச்சி வீட்டில் விட்டிருக்கிறார்கள், தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் இருந்து அவன் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை.

வீடியோ கால் எல்லாம் எங்கள் மலையோரத்துக்குச் சரிவராது. பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தே ஆன்லைன் கவுன்சிலிங் ஏற்பாடு செய்தார்கள். கவுன்சிலரின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நின்றால் அழ வந்தவளுக்கு அழுகை நின்று எரிச்சல்தான் வரும். சாதாரண போன் கால் போதும். அதை விட நல்லது வாட்ஸ்அப் வாய்ஸ். தூத்தூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தகப்பன், ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுக்காரர். கொச்சியில் இருந்து போனால் கரை காண வாரங்கள் ஆகும். பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நிற்பது அவர் மனைவி. கடலுக்குப் போகாமல் இருந்தால் செலவுக்குப் பணம் இல்லை, போனால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அந்தக் கடற்கரை ஊர்களுக்கு 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்னவென்று தெரியும். இங்கே கதை திரும்பிக் கிடக்கிறது, கடலில் கிடக்கிறவர் கரையை நினைத்துக் காத்திருக்கிறார்.

அவருக்கு நான் தினமும் ஒரு வாய்ஸ் போட்டு வைப்பேன். ரேஞ்சு வந்ததும் மொத்தமாகக் கேட்பார். பெரிய விசயம் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு மழை, பால் எடுக்கவில்லை. உங்க வீட்டில தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் பேசினாள், பிள்ளை தோசை தின்றிருக்கிறான். இவ்வளவுதான். கரை நெருங்கும்போதே அவர் பதில் போடுவார், நாலு நிமிசம், ஐந்து நிமிசம். பாதிக்கு மேல் என்ஜின் சத்தமும் காற்றும். ஒரு தடவை முழுக்க மீன் விலையைப் பற்றித்தான் பேசினார். நேரில் என்றால் அவர் என்னிடம் இவ்வளவு பேசியிருக்க மாட்டார், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

போனில் முடியாத காரியங்களும் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. காய்ச்சல் என்று ஆரம்பித்தால் நான் பேச்சையே நிறுத்திவிடுவேன். கீமோ நடக்கிற பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டால், அல்லது உங்கள் வார்டில் எந்த அளவு சொன்னார்களோ அது தொட்டால், எனக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போன். பாரசிட்டமால் கொடுத்து விடியும் வரை பார்ப்போம் என்பது கூடவே கூடாது. வெள்ளையணு குறைந்த பிள்ளைக்குக் கிருமி ஏறினால் மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும். அதேபோல, "நான் இருந்து என்ன அண்ணே" என்கிற பேச்சு வந்தால் அது என் கையில் நிற்கிற காரியம் இல்லை. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இருக்கிறது. 14416 அடித்தால் காசு இல்லாமல், எந்த நேரமும், தமிழில் பேசலாம். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஆளைத் தனியே விடாமல் வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நான் போனை வைப்பேன்.

எல்லாரும் மறந்து போகிற காலம் ஒன்று உண்டு, சிகிச்சை முடிந்த பிறகு வருகிறது. கடைசி மாத்திரை கொடுத்தாயிற்று, வீட்டில் பாயசம், ஆலயத்தில் நன்றி, கோயிலில் துலாபாரம். அதற்கு மறுவாரம் தகப்பனுக்குத் தூக்கம் போய்விடும். இத்தனை நாள் மருந்தாவது காவலுக்கு இருந்தது, இனி என்ன இருக்கிறது என்று. காலில் ஒரு நீலம் கண்டால் பிளேட்லெட் குறைந்துவிட்டதோ என்று பிள்ளையின் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்போம். என் மகள் "என்னத்தயாவது தேடிட்டே இருங்க" என்று கோபப்படுவாள். சிகிச்சை முடிந்த பிள்ளைகளை விட அவர்களின் தாய் தகப்பன்மாருக்குத்தான் அந்த அதிர்ச்சி அதிகம் தங்கிக் கிடக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 'கேஸ்கேட்' என்று ஒன்று நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஊர் ஊருக்குச் சிதறிக் கிடக்கிற சில பெற்றோர், ஒரு மனநல நிபுணர், வாரம் ஒரு நாள் வீட்டில் இருந்தபடியே வீடியோவில், நாலு வாரம். எங்களுக்கு அந்த நாலு வாரம் கிடைத்திருந்தால் என் மனைவி அந்த வருடம் இவ்வளவு மெலிந்திருக்க மாட்டாள். ஆஸ்பத்திரிகள் சிகிச்சை முடிகிற அன்றைக்குக் கையில் கொடுக்கிற தாளில், அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியோடு, தாய் தகப்பன் யாரிடம் பேச வேண்டும் என்கிற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாப் பிள்ளைகளும் தேறுவதில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏற்பாடு உண்டு. பிள்ளை போய்விட்டால் அதைக் குழுவில் போட மாட்டோம். ராத்திரி ஊசி போட்டு முடங்கிக் கிடக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிய வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வோம். அந்தத் தாய் தகப்பனைக் குழுவில் இருந்து நாங்களாக எடுக்கவும் மாட்டோம். அப்படி ஒரு தகப்பன் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்தார். நான் போன் போட்டால் எடுப்பார், "ஆங், இருக்கேன்" என்பார், வைப்பார். பிறகு ஒரு நாள் அவராகவே கூப்பிட்டார். "அண்ணே, மாத்திரை கொஞ்சம் பிரிக்காம இருக்கு. விலை கூடினது. வேற யாரு பிள்ளைக்காவது ஆவுமா?"

ஆகாது. அப்படிக் கை மாற்றிக் கொடுக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, ஆஸ்பத்திரி பார்மசியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை அப்படியே சொன்னேன். எத்தனை அட்டை இருக்கிறது, காலாவதி எப்போது என்று கேட்டேன். எண்ணிச் சொன்னார். அங்கே தனியாகப் போக வேண்டாம், நானும் வாறேன் என்றேன். "அதுக்கில்லண்ணே" என்று இழுத்தார். அன்றைக்கு மறுநாள் வெட்டுக்கு நான் எழும்பவில்லை.

இப்போது ஒரு தேவை இருக்கிறது. கடற்கரை ஊர்ப் பக்கம் இருந்து போன் எடுக்க ஒரு தகப்பன் வேண்டும். குளச்சல், முட்டம், தூத்தூர் எங்கிருந்தாலும் சரி. பிள்ளையின் சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் மற்றவர் கதை நம்மையே இழுத்துக்கொண்டு போய்விடும். பயிற்சி உண்டு, சம்பளம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்னைப் பிடிக்கலாம். காலையில் வேண்டாம். மரத்து மூட்டில் நிற்கும்போது கை முழுக்கப் பால், போன் அடித்தாலும் எடுக்க முடியாது.